காப்புவனங்களும் காண வருவோரும்: கந்தப்பளையிலிருந்து ஒரு நோக்கு

நுவரெலியாவிலிருந்து இராகலை நோக்கிச் செல்லும் பாதையில், ஏறத்தாழப் பத்துக் கிலோமீற்றர் தூரத்தில் அமைந்துள்ள சிறு நகரம் கந்தப்பளை. கடல்மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்திலுள்ள இவ்வூரைச் சூழ்ந்து பார்க், கோட்லோஜ், கொன்கோடியா முதலிய தேயிலைத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. இடையிடையே லீக்சும் கரட்டும் உருளைக்கிழங்கும் விளையும் மரக்கறிப் பாத்திகள். அவற்றுக்கப்பால், சீதாஎலிய வரை நீளும் மலைமுகட்டுக் காடு. கந்தப்பளை – சீதாஎலிய ஒதுக்குக்காடு என அரச ஆவணங்கள் குறிப்பிடும் இக்காட்டை, தோட்டத்து மக்கள் வெறுமனே 'மேற்காடு' என்று சொல்லிவிட்டுப் போவர். அவர்களைப் பொறுத்தவரை அது காண்பதற்குரிய காட்சியன்று. விறகு கிடைக்கும் இடம், பீலித்தண்ணீர் பிறக்கும் இடம், மழை இறங்கிவரும் திசை.

சித்திரை மாதம் பிறந்துவிட்டால் இப்பாதையின் கோலமே மாறிவிடுகின்றது. நுவரெலியாவின் 'சீசன்' தொடங்கி, மலர்க்கண்காட்சி, குதிரைப்பந்தயம், கிறகரி வாவியில் படகோட்டம் எனக் களியாட்டங்கள் பெருகும்போது, நகரில் அறை கிடைக்காதோர் கந்தப்பளை வரை வந்து தங்குகின்றனர். மறுநாள் விடிவதற்கு வெகுமுன்னரே அவர்களது வாகனங்கள் மீண்டும் நுவரெலியாவைக் கடந்து, அம்பேவல, பட்டிப்பொல வழியாக ஹோட்டன் சமவெளியை நோக்கி விரைகின்றன. பெரட்டுக்குப் புறப்படும் பெண்கள் அவ்வொளிவெள்ளத்துக்கு ஒதுங்கிப் பாதையோரத்தில் நிற்பது இப்பருவத்தில் அன்றாடக் காட்சி.

இவ்வாறு வருவோரின் தொகை அளவு கடந்துவிட்டது, காப்புவனங்கள் அதனைத் தாங்கமாட்டா என்ற குரல் அண்மைக்காலத்தில் வலுப்பெற்றுள்ளது. குரலில் உண்மை உண்டு. அதனை எவரும் மறுத்தற்கில்லை. ஆனால் அக்குரலோடு சேர்ந்தே ஒலிக்கும் பரிகாரம் ஒன்றுள்ளது. அதுவே ஆராயப்படவேண்டியது. கட்டணத்தை உயர்த்துங்கள்; பஸ் வண்டிகளில் கூட்டமாக வந்து கூச்சலிட்டுப் பொலித்தீனை வீசிவிட்டுப் போகும் உள்ளூர்ச் சனத்தைக் குறைத்து, தொகையிற் குறைந்து பணத்திற் கூடிய 'தரமான' உல்லாசப் பிரயாணிகளை வரவழையுங்கள்; காடும் பிழைக்கும், திறைசேரியும் நிறையும் என்பதே அப்பரிகாரம். சூழலியல் நூல்களைக் கற்ற பலரும், வேறு விடயங்களில் முற்போக்காளராகத் தம்மை எண்ணிக்கொள்ளும் சிலரும் கூட இதனை ஐயமின்றி ஏற்றுக்கொள்வதுதான் வியப்பு. இப்பரிகாரம் நோயை அறியாதது. நோயாளியையும் மாற்றிக் காட்டுவது. காட்டை நெருக்குவது வருவோரின் ஏழ்மையன்று, அவர்தம் தலைகளின் எண்ணிக்கை மட்டுமன்று. ஒரே வேளையில் ஒரே வாயிலில் வந்து குவியும் வாகனங்களே அதனைப் பெரிதும் நெருக்குகின்றன. எல்லை விதிக்கப்படவேண்டியது சக்கரங்களுக்கும் வேளைக்குமேயன்றி, வருபவரின் சட்டைப்பைக்கு அன்று.

காட்டை அழித்தவர் யாவர் என்ற வினாவிலிருந்து தொடங்குதல் பொருத்தமாகும். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் பற்றிய கட்டளைச்சட்டம், உரிமைச்சான்று காட்டவியலாத நிலங்களையெல்லாம் முடிக்குரியனவாக்கியது. அவ்வாறு கைப்பற்றப்பட்ட மலைநிலங்கள் துரைமாருக்கு விற்கப்பட்டன. கோப்பிக்காக மலைச்சரிவுகள் மொட்டையடிக்கப்பட்டன. 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியைத் தின்று தீர்த்தபின், அதே சரிவுகளைத் தேயிலை மூடியது. கோடரி பிடித்த கை தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளியினுடையது என்பது மெய்யே. ஆயின் எந்த மரம் விழவேண்டும் என்று தீர்மானித்த வாய் அவனுடையதன்று. விழுந்த மரத்தின் பயனும் அவனைச் சேரவில்லை.

இன்று எஞ்சியிருக்கும் உயர்மலைக்காடும் தற்செயலாகத் தப்பியதொன்றன்று. 1873இல் ஆங்கிலத் தாவரவியலறிஞர் ஜோசப் ஹூக்கர், ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காடுகளைத் தொடாது விடுமாறு குடியேற்ற ஆட்சியினருக்கு ஆலோசனை கூறினார். அவ்வுயரத்துக்கு மேல் காடு வெட்டுவது அதன்பின் கட்டுப்படுத்தப்பட்டது. ஆறாயிரம் அடியிலும் தேயிலை நிற்கும் கந்தப்பளையைக் காண்போர், அக்கட்டுப்பாடு எவ்வளவு தூரம் செல்லுபடியாகியது என்பதைத் தாமே கணித்துக்கொள்ளலாம். எனினும் அவ்வாலோசனையின் அடிப்படை அழகுணர்ச்சியன்று என்பது மனங்கொள்ளத்தக்கது. உச்சியிற் காடு இல்லையேல் அடியில் நீர் இல்லை, நீர் இல்லையேல் தோட்டமும் இல்லை என்ற கணக்கே அது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் நீரூட்டும் ஓடைகள் ஹோட்டன் சமவெளியிற் பிறக்கின்றன. மூடுபனியைத் தம் பாசி படர்ந்த கிளைகளில் வடித்து மண்ணுக்குள் இறக்கும் குட்டை மரங்களும், அதனை உறிஞ்சிவைத்துச் சிறிது சிறிதாக விடுக்கும் பத்தனைப் புல்நிலத்தின் கரிய மண்ணுமே அவ்வோடைகளின் ஆதாரம்.

1830களில் ஆளுநராக இருந்த றொபேட் வில்மொட் ஹோட்டனின் பெயரைத் தாங்கிய இச்சமவெளி, நெடுங்காலம் வெள்ளைக்காரரின் வேட்டைக்களமாகவே இருந்தது. நுவரெலியாவிற் குடியிருந்து யானைகளையும் மரைகளையும் வேட்டையாடிய சாமுவேல் பேக்கரின் பெயரை அங்குள்ள நீர்வீழ்ச்சி ஒன்று இன்றும் சுமந்து நிற்கின்றது. காட்டு விலங்கைக் கொன்று குவித்தவனின் பெயர் அருவிக்கு. விறகுக் கட்டுடன் பிடிபட்டவனின் பெயர் வழக்கேட்டுக்கு. சமவெளியில் இன்று யானை இல்லை. 1960களில் அப்புல்நிலத்தில் உருளைக்கிழங்கும் பயிரிட்டுப் பார்த்தார்கள். 1969இல் அது காப்பிடமாக்கப்பட்டு, 1988 மார்ச்சு 16ஆந் திகதி தேசிய பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. 2010இல் சிவனொளிபாத வனப்பகுதி, நக்கிள்ஸ் காடு ஆகியவற்றோடு சேர்த்து, 'இலங்கையின் மத்திய மலைநாடு' என்ற பெயரில் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது. பட்டியலில் ஏறியது பெருமையே. ஆயினும் ஓர் இடத்தின் பெயர் உலகப்பட்டியலில் ஏறும்போதே அது பிரயாண முகவரின் கைநூலிலும் ஏறிவிடுகின்றது என்பதையும் மறத்தலாகாது.

இனி நெருக்கடியின் தன்மையை நோக்குவோம் என்று கூறிவிட்டு, ஆண்டுக்கு இத்தனை இலட்சம் பேர் என்று தொகையை மட்டும் அடுக்குவது எழுத்தாளரிடையே வழக்கமாகிவிட்டது. ஆண்டுத்தொகை இங்கு எதனையும் விளக்காது. ஹோட்டன் சமவெளியின் பரப்பு ஏறத்தாழ 3,160 ஹெக்டயர். ஆனால் வருவோர் அனைவரும் நடப்பது, ஒன்பது கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான ஒரேயொரு வட்டப்பாதையிலேயாகும். அவர்கள் காண விரும்புவது 'உலக முடிவு' எனப்படும் செங்குத்துப் பாறை விளிம்பு. அங்கு நிலம் எண்ணூறு மீற்றருக்கு மேல் திடீரெனக் கீழிறங்கிவிடுகின்றது. அவ்விளிம்பிலிருந்து கீழ்நாட்டைக் காணவேண்டுமாயின் காலை ஒன்பது, பத்து மணிக்குள் அங்கு சேர்ந்துவிட வேண்டும். அதன்பின் பெரும்பாலும் பள்ளத்தாக்கிலிருந்து முகில் எழுந்து அனைத்தையும் மறைத்துவிடும். எனவே வருவோரிற் பெரும்பகுதியினர் காலை ஆறு மணிக்கு வாயில் திறக்கும்போதே அங்கு நிற்க முனைகின்றனர். ஆண்டின் பெருந்தொகை ஒரு சில மாதங்களாகவும், மாதங்கள் வார இறுதிகளாகவும் விடுமுறைகளாகவும், அந்நாட்கள் மூன்று மணித்தியாலங்களாகவும் சுருங்கிவிடுகின்றன. காட்டின் மீது விழும் பாரம் இச்சுருக்கத்தின் பாரமே.

அவ்வைகறையில் வாயிலில் நிற்பது யாது? மனிதர் வரிசையன்று, வாகன வரிசையே. இருவரை ஏற்றிவந்த காரும், எழுவரை ஏற்றிவந்த வேனும், ஒரு பாடசாலையின் ஐம்பது மாணவரை ஏற்றிவந்த பஸ்ஸும் பாதையில் ஏறத்தாழ ஒரே மதிப்புப் பெறுகின்றன. தலைக்கு இவ்வளவு புகை, தலைக்கு இவ்வளவு தரிப்பிடம் என்று கணக்கிட்டால், 'கூச்சலிடும் கூட்டம்' என ஏளனஞ் செய்யப்படும் பஸ் பிரயாணியே காட்டுக்கு மிகக் குறைந்த செலவு வைப்பவன் என்பது புலனாகும். வாகனங்கள் பூங்காவின் வெளியெல்லையில் நின்றுவிடுவதுமில்லை. புல்நிலத்தினூடாகச் செல்லும் பாதை வழியே, பழைய வேட்டை விடுதியான 'பார் இன்' வரை அவை ஏறிச்செல்கின்றன. பட்டிப்பொலப் பக்கத்திலிருந்தும் ஒஹியப் பக்கத்திலிருந்தும் இவ்வாறே. நடைபாதை தொடங்கும் இடத்திலேயே பெரியதொரு தரிப்பிடம். காட்டின் மையத்தில் ஒரு பஸ் நிலையத்தை அமைத்துவிட்டு, அமைதியைக் குலைத்தவர் யாவர் என விசாரணை நடத்துவது வேடிக்கையன்றோ?

மரைகளின் கதையும் இத்தரிப்பிடத்தோடு தொடர்புடையதே. இயல்பில் மனிதரை அஞ்சி ஒதுங்கும் அவ்விலங்கு, இங்கு வாகனங்களின் அருகே வந்து மனிதர் கையிலிருந்து உண்ணப் பழகிவிட்டது. உணவோடு பொலித்தீனையும் விழுங்குகின்றது. வாயிலில் வருவோரின் பைகளைச் சோதித்து, பிசுக்கோத்துப் பொதியின் மேலுறையைக் கூடக் கழற்றிவாங்கும் வழக்கம் இதனாலேயே ஏற்பட்டது. இவ்வழக்கம் போற்றுதற்குரியது. நிறைந்த மடிசீலையையும் மெலிந்த மடிசீலையையும் அது வேறுபடுத்திப் பாராது, இருவரின் பொலித்தீனையும் ஒன்றாகவே களைகின்றது. கட்டணத்தை மும்மடங்காக்கினாலும் மரையின் வயிற்றிற் சேரும் ஒரு பையைத் தடுக்கமுடியாது. வாயிலில் நிற்கும் ஊழியரின் இரு கைகளால் முடியும். நிருவாகம் என்பது இதுவே.

உயர்கட்டணவாதிகள் பூட்டானை எடுத்துக்காட்டுவர். பூட்டான் தன்னைக் காணவரும் பிறநாட்டவரிடம் நாளொன்றுக்கு இவ்வளவு என வசூலிக்கின்றது. 2022 செப்டெம்பரில் 200 டொலராக உயர்த்திய அத்தொகையை, 2023 செப்டெம்பரில் 100 டொலராகக் குறைக்கவேண்டியும் வந்தது. ஆனால் பூட்டான் அத்தொகையைத் தன் குடிமக்களிடம் வசூலிக்கவில்லை என்பதை எடுத்துக்காட்டுவோர் ஏன் கூறுவதில்லை? வெளிநாட்டாரிடம் உள்ளூராரைவிடப் பன்மடங்கு அறவிடும் முறை ஹோட்டன் சமவெளியில் ஏற்கெனவே நடைமுறையிலுள்ளது. அதனை எவரும் எதிர்த்ததில்லை. வாதத்துக்குரியது உள்ளூர்க் கட்டணத்தை உயர்த்தும் யோசனையே. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக வேண்டுமென்ற கோரிக்கை பல ஆண்டுப் போராட்டத்தின் பின் 2021இலேயே நிறைவேறியது. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாகியது. இவ்வருவாயில் ஐவர் கொண்ட குடும்பமொன்று கந்தப்பளையிலிருந்து ஹோட்டன் சமவெளிக்குச் சென்றுவர வேண்டுமாயின், அதனை முதலில் தடுப்பது அனுமதிச்சீட்டன்று, வேன் கூலியே. அத்தடையின் மேல் இன்னொரு தடையை அடுக்குவதையே காட்டுக்கான கருணை என்கின்றனர்.

மலைநாட்டிலேயே கட்டணத்தாற் கட்டுப்படுத்தவியலாத பெருங்கூட்டம் ஒன்றுண்டு. மார்கழிப் பூரணை முதல் வைகாசிப் பூரணை வரை சிவனொளிபாதமலைக்கு ஏறும் யாத்திரிகர் கூட்டமே அது. அம்மலையைச் சூழ்ந்த வனமும் 1940இலிருந்து சரணாலயமாகும். தோட்டத்துத் தமிழரும் கிராமத்துச் சிங்களவரும் முஸ்லிம்களும் ஏறும் அம்மலைக்கு எவரும் விலை குறிக்கத் துணியார். அங்கும் குப்பை உண்டு, ஏராளமாக உண்டு. ஆனால் அங்கு பருவம் என்ற ஒன்று மரபாகவே நிலைபெற்று, ஆண்டின் ஏறத்தாழ அரைவாசிக் காலம் மலைக்குப் பெரும்பாலும் ஓய்வு கொடுக்கின்றது. ஏழையை ஒதுக்காமலே காட்டுக்கு ஓய்வளிக்க முடியும் என்பதற்கு இதனிலும் பழைய சான்று வேண்டியதில்லை. மழைமாதங்களிற் சில வாரங்களேனும் ஹோட்டன் சமவெளியின் நடைபாதையை மூடிவைத்தல் பற்றி ஏன் சிந்திக்கலாகாது?

அண்மைக்காலத்தில் இவ்விடயத்தில் மிகத் தெளிவான முன்மாதிரி கடலுக்கப்பால் நீலகிரியிலிருந்து கிடைத்திருக்கின்றது. நீலகிரி மலையகத் தமிழருக்கு அந்நியமான மலையன்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின் பேரில் இங்கிருந்து அனுப்பப்பட்டோருக்காக, தமிழ்நாட்டரசு 1968இல் தேயிலைத் திட்டமொன்றைத் தொடங்கியது அங்கேதான். ('தாயகம் திரும்பியோர்' என்று அவர்களுக்கு அங்கு பெயர். பிறந்த மண்ணிலிருந்து அகற்றப்பட்டவர்களுக்கு இப்பெயரைச் சூட்டியவர் எவராயினும், அவர் நகைச்சுவையுணர்வு மிக்கவராகவே இருத்தல் வேண்டும்.) கோடை விடுமுறையில் உதகமண்டலத்தையும் கொடைக்கானலையும் திணறடிக்கும் வாகன நெரிசல் பற்றி விசாரித்த சென்னை உயர் நீதிமன்றம், 2024 மே 7ஆந் திகதி முதல் அம்மலைகளுக்கு ஏறும் வாகனங்கள் இணையவழி அனுமதி பெறவேண்டுமென உத்தரவிட்டது. முதலில் நோக்கம் கணக்கெடுப்பே. 2025 ஏப்பிரலிலிருந்து சூன் இறுதி வரையான பருவத்துக்கு எண்ணிக்கையும் வரையறுக்கப்பட்டது. நீலகிரிக்கு வாரநாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000; கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000.

இவ்வுத்தரவில் கவனிக்கத்தக்கவை இரண்டு. நீதிமன்றம் எண்ணியது மனிதரையன்று, வாகனங்களை. அரச பஸ்களில் வருவோருக்கு வரையறை இல்லை, உள்ளூரவர் வாகனங்களுக்கும் இல்லை. பணம் படைத்தவனும் தன் காருக்கு அன்றைய எண்ணிக்கையில் இடமில்லையெனில் பஸ்ஸில் ஏறவேண்டியவனே. வணிகர் இதனை எதிர்த்தனர் என்பதும் உண்மை. விடுதிகளும் கடைகளும் வெறிச்சோடிவிடும் என்ற அவர்களது அச்சம் பொய்யானதென்று தள்ளிவிடத்தக்கதுமன்று. நுவரெலியாவிலும் இத்தகைய முறை வருமாயின், அறை வாடகையிலும் வேன் ஓட்டத்திலும் சீவிக்கும் சிறு மனிதர் பலர் பாதிக்கப்படலாம். அவ்வேன்களை ஓட்டும் இளைஞரிற் பலர் தோட்டத்துப் பிள்ளைகளே. ஆகவே ஓட்டத்தை இழப்பவருக்கு மாற்றோட்டம் என்ன என்பதற்கு விடை கூறாத எந்தத் திட்டமும் முழுமையுடையதாகாது.

விடை இல்லாமலில்லை. அமெரிக்காவின் சயன் தேசிய பூங்காவில் 2000ஆம் ஆண்டிலிருந்து, பருவகாலத்தில், பள்ளத்தாக்கினுள் செல்லும் பாதையில் தனியார் கார்கள் தடுக்கப்பட்டு, பூங்காவின் பஸ்களே பிரயாணிகளை ஏற்றியிறக்குகின்றன. கார் நாகரிகத்தின் தாயகமாகிய அந்நாட்டிலேயே இது சாத்தியமாயின், பட்டிப்பொலவிலும் ஒஹியவிலும் சாத்தியமாகாமைக்குக் காரணம் கூறுதல் கடினம். வாகனங்கள் இவ்விரு ஊர்களிலும் நின்றுவிட, அங்கிருந்து மேலே குறிப்பிட்ட வேளைகளில் சிறு பஸ்கள் மட்டும் செல்லட்டும். அவற்றை ஓட்டும் உரிமை, இன்று வேன் ஓட்டுவோரின் கூட்டுறவுச் சங்கங்களுக்கே வழங்கப்படட்டும். ஒரு வேளைக்கு இத்தனை ஆசனம் என்று வரையறுத்து, அவற்றில் ஒரு பங்கை மாவட்டத்துப் பாடசாலைகளுக்கு ஒதுக்குவதும் அரிதன்று.

இவ்விடத்தில் இருப்புப்பாதை பற்றி ஒரு சொல். பட்டிப்பொலவும் ஒஹியவும் வெறும் ஊர்கள் அல்ல, மலைநாட்டுப் புகையிரதப் பாதையின் நிலையங்களுமாகும். பட்டிப்பொல நாட்டிலேயே மிக உயரத்தில் அமைந்த நிலையம். உலக மரபுரிமை வனமொன்றின் இரு வாயில்களுக்கும் அருகே இருப்புப்பாதை அமையப்பெற்ற பேறு எத்தனை நாடுகளுக்கு வாய்த்திருக்கின்றது? கந்தப்பளைக்கும் ஒருகாலத்திற் புகையிரதம் இருந்தது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடப்பட்ட ஒடுங்கிய பாதை, லொறிகளோடு போட்டியிடவியலாது 1940களில் மூடப்பட்டது. ஒரு தலைமுறையின் சிக்கனம் அடுத்த தலைமுறைகளின் நெரிசலாக முடிந்தது. 2025 நவம்பரில் வீசிய 'டித்வா' புயல் பிரதான மலைநாட்டுப் பாதையையும் பல இடங்களிற் சிதைத்துவிட்டது. அதனைச் சீரமைக்கும் செலவு பற்றிய விவாதங்களில், அப்பாதை ஒரு காட்டைக் காக்கும் கருவியாகவும் பயன்படலாம் என்ற எண்ணம் இடம்பெறுதல் வேண்டும். அதே புயலில் மண்சரிவுக்குப் பலியானோரிற் கணிசமானோர் மலைச்சரிவுகளில் வாழ்ந்தவர்கள். உச்சிக்காட்டின் அருமையை அவர்தம் உறவினருக்கு எவரும் விரிவுரையாகப் போதிக்கவேண்டியதில்லை.

கந்தப்பளைக்கு மீள்வோம் எனின், அங்கு வேறொரு வகையான 'வருகையாளர்' பற்றிய பிரச்சினை எதிர்ப்படுகின்றது. ஒதுக்குக்காட்டினுள் அனுமதியின்றி நுழைவதும் அங்கிருந்து பொருள் எடுப்பதும் வனக் கட்டளைச்சட்டத்தின்படி குற்றம். தலையிற் சுள்ளிக்கட்டோடு இறங்கிவரும் தோட்டத்துப் பெண் இச்சட்டத்தின் முன் குற்றவாளி. அவளது லயன் காம்பராவில் அடுப்பெரிவது இன்னும் விறகினாலேயே என்பது சட்டத்தின் அக்கறைக்குரியதன்று. விறகெடுப்பதாற் காட்டுக்குக் கேடில்லை என்று வாதிடுவது நேர்மையாகாது. உலர்ந்த சுள்ளியோடு சில வேளைகளிற் பச்சைக் கொம்பும் வெட்டப்படுகின்றது. மரக்கறிப் பாத்திகள் காட்டின் ஓரத்தை ஆண்டுதோறும் கடித்துக்கொண்டு முன்னேறுவதும் கண்கூடு. அவ்வாறு முன்னேறுவோரில் ஏழைகள் மட்டுமன்றி வசதிபடைத்தோரும் உளர். ஆனால் ஒரே மலைத்தொடரில், ஒருவரது தேவை குற்றமாகவும் மற்றவரது பொழுதுபோக்கு தொழிற்றுறையாகவும் கணிக்கப்படுகின்றன. விறகுக்காரியைத் தடுக்கக் காவலர் உண்டு. வைகறையில் விரையும் நானூறாவது காரைத் தடுக்க எவருமில்லை.

காட்சிப்பொருளாக்கப்படுவது காடு மட்டுமன்று. கந்தப்பளைக்கு அருகே ஹெதர்செட் தோட்டத்தின் பழைய தேயிலைத் தொழிற்சாலை, 1996இல் உல்லாச விடுதியாகத் திறக்கப்பட்டது. இடிந்து போகவிருந்த கட்டடமொன்றை அதன் உருவம் சிதையாது காத்த வகையில் அது பாராட்டுக்குரிய முயற்சியே. எனினும் மலைநாட்டுச் சுற்றுலாவின் விளம்பரங்களைப் பொதுவாகப் புரட்டிப் பார்ப்போர் ஒன்றை அவதானிக்கலாம். பச்சைப் பின்னணியிற் கூடை சுமந்த பெண் ஒவ்வொரு படத்திலும் இருப்பாள், எந்தப் படத்திலும் பேசமாட்டாள். அவளைப் பார்ப்பதற்கு உலகமே வருகின்றது. அவள் பார்ப்பதற்கு அருகிலுள்ள உலக மரபுரிமையை யாரும் இதுவரை திறந்துவிடவில்லை.

இந்நிலை மாறவேண்டுமாயின், காப்புவனத்தின் பராமரிப்பில் அயலில் வாழ்வோர் பங்காளராதல் வேண்டும். நுவரெலியா மாவட்டத்து மக்களிற் பாதிக்கு மேற்பட்டோர் தமிழர். காட்டின் வழிகாட்டிகளாகவும் வாயிற் பரிசோதகர்களாகவும், தாவரங்களையும் பறவைகளையும் விளக்குவோராகவும் தோட்டத்து இளைஞரும் யுவதிகளும் பயிற்றப்படுவது அரச கொள்கையாதல் வேண்டும். அழிந்துவிட்டதென அரை நூற்றாண்டுக்கு மேல் கருதப்பட்டுப் பின்னர் மீளக் கண்டறியப்பட்ட ஹோட்டன் சமவெளித் தேவாங்கு பற்றி, மலைநாட்டுத் தமிழ்ப் பாடசாலை மாணவர் தம் மொழியிற் கேட்டறிய வேண்டாமா? அப்பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவை நடத்தவே ஆசிரியர் போதாத நிலையில் இது பேராசை போலத் தோன்றலாம். ஆனால் உயிரியற் பாடநூலின் பாதி அவர்கள் வீட்டுக்குப் பின்னாலுள்ள மலையில் நிற்கின்றது. இவ்வளவு வசதியான ஆய்வுகூடம் கொழும்பில் எந்தக் கல்லூரிக்கும் கிடையாது.

மனிதர் எவருமே நுழையாத காடும் வேண்டும் என்பதில் ஐயமில்லை. 1938இலேயே கடும் இயற்கை ஒதுக்கமாக்கப்பட்ட ஹக்கல அத்தகையது. அங்கு காண வருவோருக்கு அனுமதியில்லை. ஆளுநருக்கும் கூலிக்கும், கோடீசுவரனுக்கும் கொழுந்தெடுப்பவளுக்கும் வாயில் ஒருங்கே மூடப்படுமாயின் அதில் அநீதி எதுவுமில்லை. திறக்கப்படும்போதும் அவ்வாறே ஒருங்கு திறக்கப்படல் வேண்டும் என்பதே இங்கு வற்புறுத்தப்படுவது.

செய்யத்தக்கது பெருஞ்செலவில் தொடங்கவேண்டுமென்பதில்லை. ஒரு நாளில் எந்த மணித்தியாலத்தில் எத்தனை வாகனங்கள், ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் என்ற கணக்கை, பட்டிப்பொல வாயிலிலும் ஒஹிய வாயிலிலும் ஒரு கரும்பலகையில் மும்மொழியிலும் எழுதிவைத்தால் முதற்படி நிறைவேறிவிடும். நீலகிரியிலும் எண்ணுவதிலிருந்தே தொடங்கினார்கள். பல்கலைக்கழகப் புவியியல் மாணவர் சிலர் ஒரு சித்திரை விடுமுறையை அவ்வாயில்களிற் கழிக்க முன்வரின், கட்டணமா, எண்ணிக்கையா என்ற விவாதம் ஊகங்களைக் கைவிட்டு இலக்கங்களின் மீது நடைபெறும். கந்தப்பளையிலிருந்து புறப்படுவோர் முதல் பஸ்ஸுக்கு முன்னரே, அதிகாலை நான்கு மணியளவில், பாதையில் நின்று எண்ணத் தொடங்கலாம். பெரட்டுக்குச் செல்வோரும் சற்று நேரத்தில் அவ்வழியே வருவர். அவர்களையும் அக்கணக்கிற் சேர்த்துக்கொள்ள மறத்தலாகாது.